சித்தப்பாவின் கதையை மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னீர்களா?

குடியாத்தம் சகோதரிக்கு,

ஐந்து வயதுப் பையனுக்கு அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன். மாஸ்க் வைத்துக் கொடுக்கிற வாயுவால் மூளை செல் செத்துவிடுமா, படிப்பு ஏறாமல் போகுமா, முதுகுவலி வருமா, வாயு உடம்பிலேயே தங்கிவிடுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் பிறகு வருகிறேன். நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்: கை எலும்பு முறிந்து ஆபரேஷனுக்குப் போன உங்கள் கொழுந்தனார், பத்து வயதில், மயக்கம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் உடம்பு கொதித்து, கட்டை மாதிரி விறைத்து இறந்துபோனார், மாமியார் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உங்கள் பயத்துக்கு வேர் அதுதான். நியாயமான பயம்.

பையனுக்குப் பெரும்பாலும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுப்பார்கள். மூச்சோடு நுரையீரலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. நரம்புகளை அடக்கி வைக்கிற காபா என்ற இயற்கை ரசாயனத்தின் வேலையை அங்கே பலமாக்குகிறது; நினைவு போய்விடும். தண்டுவடத்திலும் வேலை செய்வதால்தான் கத்தி படும்போது உடம்பு துள்ளுவதில்லை. ரத்தத்தில் அதிகம் கரையாத மருந்து இது, அதனால் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். மாஸ்க்கை எடுத்ததும் வந்த வழியே மூச்சில் போய்விடும். ஈரல் உடைப்பது 5 சதவீதத்துக்குள்தான். தங்கிவிடுமா என்ற கேள்விக்கு இதுவே பதில்.

ஆனால் மிகச் சில குடும்பங்களில் இந்த வாயு தசைக்குள் வேறொரு காரியம் செய்கிறது. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று அந்த நோய்க்குப் பெயர். தசைச் செல்லுக்குள் கால்சியத்தை அடைத்து வைத்திருக்கும் வாசல் ஒன்று உண்டு. அதற்கான மரபணுவில் பிறவியிலேயே கோளாறு இருந்தால், வாயு பட்டதும் வாசல் திறந்து மூடாமல் நின்றுவிடும். உடம்பின் தசையெல்லாம் இறுகிக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தில் வெப்பம் பொங்குகிறது. வெளியே தெரிகிற காய்ச்சல் பல சமயம் தாமதமாகத்தான் வரும். அதற்கு முன்பே மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு மானிட்டரில் ஏறிக்கொண்டே போகும், நாடித்துடிப்பு வேகமாகும், தாடை இறுகி வாயைத் திறக்க முடியாது. சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்ச்சி ஊசியும் இதைக் கிளப்பிவிடும்.

1960இல் மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது மாணவர் ஒருவர், எலும்பைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார்; அவருடைய உறவினர் பத்துப் பேர் ஈத்தர் என்ற பழைய மயக்க மருந்தால் இறந்திருந்தார்கள். டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். ஈத்தரை விட்டு ஹாலோத்தேன் என்ற வேறு மயக்க வாயு கொடுத்தும் அதே கோளாறு தலைகாட்டியது. ஆனால் விழிப்பாக இருந்ததால் உடனே நிறுத்தினார்கள், பிழைத்தார். இந்த நோயை மருத்துவ உலகம் அடையாளம் கண்டது இப்படித்தான்.

கொழுந்தனாருக்கு நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் இதுதான் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே புத்தி. மாமனார், மாமியாரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் உங்கள் கணவருக்கு இருக்கப் பாதி வாய்ப்பு. அவருக்கு இருந்தால் பையனுக்கும் பாதி. "அவருக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நல்லபடியாகத்தானே முடிந்தது" என்கிறீர்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்! அதில் இந்த வாயுவே கிடையாது, அதனால் அது எதையும் நிரூபிக்காது.

மாமியாரிடம் பக்குவமாகக் கேளுங்கள். வாய் இறுகியதா, சிறுநீர் கறுத்துப் போனதா, பழைய ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா. கிடைத்தது எதுவானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள்; ஃபிட்னஸ் சீட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பாருங்கள். ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை இருக்கிறது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாயுவே இல்லாமல், புரோபோஃபால் போன்ற மருந்தை நரம்பில் ஏற்றிச் செய்துவிடலாம். மெஷினில் ஒட்டியிருக்கும் பழைய வாயுவையும் முதலில் வெளியேற்றிவிடுவார்கள்.

டாண்ட்ரோலின் கையிருப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த நோய்க்கு மாற்று மருந்து அது ஒன்றுதான். 20 மில்லிகிராம் குப்பி ஒவ்வொன்றையும் 60 மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கரைக்க வேண்டும். உங்கள் பையன் எடைக்கு முதல் தவணைக்கே மூன்று குப்பி வேண்டியிருக்கும். சின்ன நர்சிங் ஹோமில் இருக்காது. ஆகவே இந்த ஆபரேஷனை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ சி.எம்.சி.யோ, வேலூருக்கு வாருங்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

மற்றவை. மூளை செல் சாகும் என்று நீங்கள் பார்த்த வீடியோ, எலிக்குட்டிகளுக்கு மணிக்கணக்கில் மருந்து கொடுத்துப் பார்த்ததிலிருந்து கிளம்பியது. அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2016 எச்சரிக்கையும் மூன்று வயதுக்குக் கீழே, மூன்று மணி நேரத்துக்கு மேல் அல்லது அடிக்கடி கொடுப்பதைப் பற்றியது. உங்கள் பையனைப் போலவே குடலிறக்கத்துக்குச் செவோஃப்ளூரேன் வாங்கிய கைக்குழந்தைகளை ஏழு நாடுகளில் ஐந்து வயது வரை பின்தொடர்ந்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கத்தால் புத்தியில் வித்தியாசமே இல்லை. அந்த வீடியோக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார். முதுகுவலிக்கும் மாஸ்க்குக்கும் சம்பந்தமில்லை.

"மயக்கம் தாங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய டானிக்கை நிறுத்துங்கள். அப்படி ஒரு டானிக் கிடையாது. சளி சிரப்பும் வேண்டாம். மருந்தைக் கொடுத்துச் சளியை மறைத்துக் கூட்டி வந்தால், மயக்கத்தில் குரல்வளை இறுகி மூச்சு அடைக்கலாம். சளி இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் குடலிறக்க வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாகி, பையன் வலியில் அழுது வாந்தி எடுத்தால் ராத்திரியானாலும் உடனே கிளம்புங்கள். வழியில் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.