1947-இல் கலிஃபோர்னியா எப்படி ஜெயித்தது?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலின் முதல் தேசியப் பட்டம் யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். 1947-இல் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்கு. மிச்சிகனின் கலமசூ நகரில் இறுதிச் சுற்று. மூன்றில் இரண்டு ஜெயித்தால் பட்டம். எதிரணி யேல் பல்கலைக்கழகம். முதல் ஆட்டத்தைக் கலிஃபோர்னியா 17-4 என்று ஒருபக்கமாக ஜெயித்தது. அடுத்ததையும் ஜெயித்தது, 8-7, ஒரே ஒரு ரன் வித்தியாசம்! எனக்குப் பிடித்தது அதுதான்.

அந்த யேல் அணியில் வலது கையில் கிளவுஸ் மாட்டி முதல் பேஸில் (பந்தை அடித்தவர் முதலில் ஓடிச் சேரும் இடம்) நின்ற இடக்கையர், போர் விமானியாக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். பிற்பாடு அமெரிக்க அதிபரான ஜார்ஜ் புஷ், அதாவது மூத்தவர். கலிஃபோர்னியாவின் ஜாக்கி ஜென்சனோ அமெரிக்கக் கால்பந்திலும் கலக்கியவர். அப்புறம் 1958-இல் தொழில்முறை பேஸ்பாலின் இரு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதே வாங்கினார்.