ஐந்தரைக் கட்டை என்பது எந்தக் கட்டை?

கேள்வி: என் மகள் வாய்ப்பாட்டு கற்கத் தொடங்கியிருக்கிறாள். "அஞ்சரைக் கட்டையில சுருதி வச்சுப் பழகட்டும்" என்கிறார் பாட்டு டீச்சர். கைபேசியில் இறக்கிய சுருதிப் பெட்டிச் செயலியிலோ சி, டி, ஈ என்று எழுத்துகள்தான் இருக்கின்றன. எதை அழுத்துவது? கட்டை என்ற பேர் எப்படி வந்தது?

பதில்: ஜி ஷார்ப்பை (G#) அழுத்துங்கள். மேஜர், மைனர் என்று ஏதாவது கேட்டால் கண்டுகொள்ள வேண்டாம். கட்டை என்பது ஆதார ஷட்ஜம், அதாவது பாட்டுக்கு அடித்தளமான 'ஸ', எங்கே நிற்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ராகம் எது என்பது அதன் கவலை இல்லை.

பேர் வந்தது ஆர்மோனியத்திலிருந்து. விரலால் அழுத்தும் மரத்துண்டுகளுக்கு நம் ஊரில் கட்டை என்றே பெயர். சி என்ற வெள்ளைக் கட்டையை ஒன்று என்று வைத்து வலப்பக்கமாக எண்ணுங்கள்: டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இரண்டு வெள்ளைக்கு நடுவே உயர்ந்து நிற்கும் கறுப்பு, அரை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருப்பது உங்கள் மகளின் ஐந்தரை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்பு கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. ஏழரையும் அப்படித்தான், அது சனிக்கு மட்டும்தான் உண்டு.

இதில் பலர் தடுக்கி விழுவார்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக இரண்டு படி ஏற வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்கு ஒரே படி. நான்கு கட்டையில் பாடுகிறவரிடம் "அரைக் கட்டை இறக்கு" என்றால் அவர் போய்ச் சேருவது மூன்றில். கட்டை என்பது இடத்தின் பேர், அளவுகோல் அல்ல.

ஆர்மோனியத்துக்கு 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் டெபேன். கால் மிதித்து வாசித்த அந்தப் பெட்டி கல்கத்தாவில் கையால் துருத்தி அசைக்கும் வடிவம் பெற்று நாடெங்கும் பரவியது. நம் நாடகக் கம்பெனிகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டன. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும் என்பதால் எஸ். ஜி. கிட்டப்பா போன்றவர்கள் உச்ச சுருதியில் பாடிப் பேர் வாங்கினார்கள். ஆண் பாடகர் ஐந்து கட்டையில் பாடினார் என்றால் அந்தக் காலத்து ரசிகருக்கு அது பெருமைப் பேச்சு. வடக்கேயும் இதே கதைதான். அங்கே கறுப்பைத் தனியாக எண்ணுவார்கள். நம் ஐந்தரை அவர்களுக்குக் 'காலி சார்', அதாவது நாலாவது கறுப்பு.

வேடிக்கை என்னவென்றால், கமகம், அதாவது ஸ்வரங்களை அசைத்து இழைப்பது, பேசாத வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கர்நாடகக் கச்சேரி மேடையிலும் அது நிலைக்கவில்லை. ஆனால் அது விட்டுப்போன எண்ணிக்கையை வைத்துத்தான் இன்றும் தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறோம். மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கிளம்பும் முன் பாடகருக்கு எத்தனை கட்டை என்று கேட்டுத்தான் தாழ்ந்த சுருதிக்கான தக்கு மிருதங்கமா, உயர்ந்த சுருதிக்கான ஹெச்சு மிருதங்கமா என்று முடிவு செய்வார். நாயனக்காரர்களும் இரண்டரைக் கட்டை நாயனம் என்றே சொல்வார்கள்.

பொதுவாக ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்குள்ளும், பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறுக்குள்ளும் அமையும். உங்கள் மகளுக்கு ஐந்தரை பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கீழே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி 'ப') காற்றாகிப் போகாமல் காதில் விழ வேண்டும். மேலே தார பஞ்சமத்தை (மேல் ஸ்தாயி 'ப') தொடும்போது தாடையும் கழுத்து நரம்பும் இறுகக் கூடாது. கீழே கேட்கவில்லை என்றால் ஆறுக்கு ஏற்றுங்கள், மேலே திணறினால் ஐந்துக்கு இறக்குங்கள். எதற்கும் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. செயலியில் ஆக்டேவ் (ஸ்தாயி) என்று ஒரு பொத்தான் இருந்தால் அதையும் கவனியுங்கள். ஐந்தரைக்கு 208 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்க வேண்டும். 415 என்று காட்டினால் குழந்தை ஒரு ஸ்தாயி மேலே கத்திக்கொண்டிருப்பாள்.