ஒன்பதாம் நாள் காய்ச்சல்

கேள்வி: என் கணவருக்கு வயது 56. பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டறிந்தபோதே அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. முற்றிலும் குணமாக்க இயலாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று மருத்துவர் என்னிடமும் என் கொழுந்தனாரிடமும் தனியே கூறினார். கும்பகோணத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை சென்னைக்குச் சென்று கீமோ ஏற்றிக்கொண்டு திரும்புகிறோம். அதன்பின் வீட்டில் பதினான்கு நாள் மாத்திரை. மூன்றாவது சைக்கிளில், அதாவது மூன்றாம் சுற்றில், அவருக்கு வாயெல்லாம் புண், ஓயாத வயிற்றுப்போக்கு. ஆனாலும் ஒரு வேளை மாத்திரையைக்கூட நான் தவறவிடவில்லை. ஒன்பதாம் நாள் இரவு காய்ச்சல் 101 டிகிரி காட்டியது. பாராசிட்டமால் கொடுத்தேன், தணிந்தது, விடியட்டும் என்றிருந்தேன். விடியற்காலையில் குளியலறையில் சுருண்டு விழுந்துவிட்டார். ஆறு நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்தார். “இரவே ஏன் கொண்டுவரவில்லை?” என்று அங்கே கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கிறது. சாப்பாட்டில் நான் கவனமாக இல்லை என்கிறார் நாத்தனார். எத்தனை சைக்கிளோடு முடியும் என்று கணவர் கேட்கும்போதெல்லாம் “ஆறு” என்று பொய் சொல்கிறேன். வலப்பக்க வலிக்கு எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையைப் பயந்துபோய் பீரோவில் வைத்திருக்கிறேன். அவர் உறங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விழித்திருக்கிறேன். மகன் கோயம்புத்தூரில் வேலை. மாதம் இருமுறை வருவான். நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, அந்த இரவைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். அதைக் கடக்காமல் மற்ற எதற்கும் உங்கள் மனம் வராது.

கீமோ மருந்து புற்றணுக்களை மட்டும் தேடிச் சென்று அழிப்பதில்லை. விரைந்து பெருகும் அணுக்கள் எங்கிருந்தாலும் தாக்கும். வெள்ளணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடலின் உட்சுவர் மூன்றும் அப்படிப்பட்டவை என்பதால்தான் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வெள்ளணுக் குறைவும் கூட்டாக வருகின்றன. மருந்து ஏறிய 7 முதல் 14 நாள்களுக்குள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அவை 500-க்கும் கீழே போய்விட்டால், புண்ணான குடலின் வழியே கிருமிகள் இரத்தத்துக்குள் நுழையும்போது எதிர்த்து நிற்க ஆளிராது. சீழை உண்டாக்குவதே அந்த வெள்ளணுக்கள் என்பதால், அப்போது சீழ்கூடச் சரியாகக் கட்டாது. பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றே வெளியே தெரியும் அடையாளம். நீங்கள் கொடுத்த பாராசிட்டமால் காய்ச்சலைத் தணித்ததே தவிர, கிருமியை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நாம் அனைவரும் செய்வதையே நீங்களும் செய்தீர்கள். இவருக்கு மட்டும் அது பொருந்தாது என்பதைக் கீமோ தொடங்கிய நாளிலேயே உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. ஐசியூ வாசலில் உங்களைக் கேள்வி கேட்பது அதற்கு ஈடாகாது.

இனி 100.4 டிகிரி தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று நிற்க வேண்டாம். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கமும் மயக்கமும் வந்தாலும் அப்படியே. சென்னைக்குப் புறப்பட்டுச் சாலையில் ஆறு மணி நேரத்தை இழப்பதைவிட, உள்ளூரில் அவசரச் சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில் இரத்தம் எடுத்து, வந்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தக்குழாய் வழியே முதல் ஆன்டிபயாட்டிக் ஊசியைப் போடச் செய்வதுதான் உயிரைக் காக்கும். சென்னைக்கு மாற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்கென ஒரு தாளில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, சென்னை மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே எழுதி வாங்கி, தெர்மாமீட்டரோடு வையுங்கள். உள்ளே நுழைந்ததும் “கீமோ கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது, காய்ச்சல்” என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் பலரும் நோயின் முழுக் கதையையும் சொல்லி முடித்து, இதைக் கடைசியில்தான் சொல்கிறார்கள்.

ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் அந்த மாத்திரை கேப்சிடபினாக இருக்க வேண்டும். அதை நிறுத்த வேண்டிய நேரங்கள் உண்டு. ஒரே நாளில் வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாக வயிற்றுப்போக்கு போனாலோ, இரவில் எழுந்து போகும்படி ஆனாலோ, சோறு விழுங்க முடியாத அளவுக்கு வாய் புண்ணானாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். விட்ட மாத்திரையைப் பின்னர் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. அடுத்த சைக்கிளில் அளவைக் குறைத்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். உடல் தாங்கும் அளவைக் கண்டறிவதும் சிகிச்சையே. தவிரவும், இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு ஆரம்பச் சைக்கிள்களிலேயே இவ்வளவு கடுமையான விளைவுகள் வருவதுண்டு. நான்காவது சைக்கிளைத் தொடங்குமுன் இதைச் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். நாத்தனார் நினைப்பதுபோல் உங்கள் சமையலுக்கும் அந்த ஆறு நாள்களுக்கும் தொடர்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் தம்பியை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் யாரையாவது குற்றம் சொல்லத் தேடுகிறார் போலும். அதற்காக நீங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. ஊசி வழியே ஏறும் மருந்து ஆக்சாலிபிளாட்டினாக இருந்தால், சைக்கிள்கள் கூடக்கூடப் பாதம் மரத்துப்போகும். கோயில் பிரகாரத்தில் நண்பகலில் வெறுங்காலோடு நடந்து, கொப்புளம் கண்ட பிறகுதான் சூட்டையே அறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குளிக்கும் நீரின் சூட்டை அவர் காலால் அல்ல, உங்கள் முழங்கையால் சோதியுங்கள். சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தடுமாறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர வழியுண்டு.

“ஆறு” என்ற பதிலுக்கு வருகிறேன். ஆறு முடிந்து ஏழாவதற்குத் தேதி கொடுக்கும் நாளில் அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். அதற்குள் அவர் நோயோடும் நீங்கள் பொய்யோடும் ஒரே வீட்டில் தனித்தனியே இருந்திருப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடச் சொல்லவில்லை. அடுத்த முறை கேட்டால், “ஆறுக்குப் பிறகு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று திருப்பிக் கேளுங்கள். அதில் பொய்யில்லை, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதையும் அவரே சொல்லிவிடுவார். பிறகு மருத்துவர் அறையில் அவர் முன்னிலையிலேயே பேசச் சொல்லுங்கள். கொழுந்தனார் வருந்தலாம், ஆனால் இது அவருடைய அண்ணனின் உடல். கல்லீரலில் உள்ள கட்டிகள் சுருங்கினால் அறுவை சிகிச்சைக்கு இடமுண்டா என்பதையும் அன்றே கேளுங்கள். பெருங்குடல் புற்றில் சிலருக்கு அது உண்டு, பலருக்கு இல்லை.

பீரோவில் இருக்கும் மாத்திரையை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே எடுங்கள். கட்டிகளால் வீங்கும் கல்லீரல் தன் மேலுறையை இழுப்பதால்தான் பெரும்பாலும் அந்த வலப்பக்க வலி. மார்ஃபினைச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அடிமைத்தனம் வரும் என்றோ ஆயுள் குறையும் என்றோ அஞ்ச வேண்டாம். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும். மலச்சிக்கல் ஏறத்தாழ உறுதி, ஆகவே வயிற்றுப்போக்கு நின்றிருந்தால் மலமிளக்கியையும் சேர்த்துக் கேளுங்கள். நோயாளிகளுக்கு இம்மருந்து எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் நம் நாட்டின் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது.

வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினால், கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே கீமோவோடு ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நலமாகவும், சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இச்சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கடைசியாக, உங்கள் உறக்கம். மூச்சைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பதால் எந்த ஆபத்தும் தடுக்கப்படுவதில்லை. அவர் உறங்கப் போகுமுன் ஒரு முறை காய்ச்சல் பார்த்துக் குறித்துவைப்பதால் தடுக்கப்படலாம். மகன் வரும் இரண்டு வாரங்களிலும் சனிக்கிழமை இரவு தெர்மாமீட்டரையும் அந்தத் தாளையும் அவனிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். முதல் சனிக்கிழமை உறக்கம் வராது. இரண்டாவதில் வரும்.