விளம்பரம் பார்க்கும் ஆப்புக்காக இன்னொரு நகையை வைக்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். கணவர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை, சம்பளம் 24,000. நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். அரியாங்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனார் சொல்லி, விளம்பரம் பார்த்தால் பணம் தரும் ஆப்பில் சேர்ந்தேன். முதலில் 3,000 கட்டினேன், இரண்டே மாதத்தில் 4,500 வந்தது. அந்த தைரியத்தில் 3 பவுன் சங்கிலியை பைனான்ஸில் வைத்து 90,000 ரூபாய்க்கு மூன்று ஐடி (ஆப்பில் உறுப்பினர் கணக்கு) எடுத்தேன். தினம் 60 விளம்பரம், இரண்டு மணி நேரம் ஆகிறது, ஒன்றுக்கு 8 ரூபாய். நாலு மாதத்தில் ஆப்பில் 57,600 ஏறியது. அதில் பேங்குக்கு வந்தது 16,000 மட்டும். இப்போது பணம் எடுக்க முடியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் இன்னும் 1,20,000 கட்டி 'டைமண்ட்' உறுப்பினர் ஆனால் நிலுவை மொத்தமும் வந்துவிடும் என்கிறார் நாத்தனார். மகளுக்குச் சேர்த்த 5 பவுனை வைக்கச் சொல்கிறார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார் கணவர். ஆப் பிளே ஸ்டோரில் இருக்கிறது, கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. எண்ணும் உண்டு. என் மூலம் பக்கத்து வீட்டு அக்காவும், தைக்கக் கொடுக்க வரும் ஒரு பெண்ணும் ஆளுக்கு 30,000 கட்டியிருக்கிறார்கள். இந்த ஆப் உண்மையானதா?
– வாசகி, கடலூர்

பதில்: சகோதரி, மகளின் நகையை வைக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மாதக் கடைசிக்கு நாள் குறைவாக இருக்கும்.

ஆப் உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சங்கிலியை வைத்தபோது கடன் வாங்கிப் பணம் போட்டீர்கள். அந்தப் பணம் மாட்டிக்கொண்டதும், அதை வெளியே எடுக்க இன்னொரு கடன் வாங்கப் பார்க்கிறீர்கள். இரண்டு முறையும் கணக்குப் போட்டது நாத்தனார், வட்டி கட்டப்போவது நீங்கள். இந்தப் பழக்கம் நின்றால் இந்த ஆப் போனாலும் குடும்பம் தாங்கும். நிற்காவிட்டால் அடுத்த வருடம் வேறு ஒரு பெயரில் இதே கதை வரும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 90,000 போனது, 16,000 வந்தது. பைனான்ஸ் வட்டி நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் மாதம் 1,350, நாலு மாதத்துக்கு 5,400. ஆக, கையில் நின்றது 10,600. அசல் 90,000 அப்படியே இருக்கிறது. ஆப்பில் மிச்சம் காட்டுவது 41,600. இந்த 41,600-ஐ வாங்குவதற்காக 1,20,000 கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் கடன் 2,10,000, வட்டி மட்டும் மாதம் 3,000-க்கு மேல். உங்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர், "மூணு மடங்கு பணம் குடுங்க, பாக்கியைத் தர்றேன்" என்று சொன்னால் தைத்த பிளவுஸை அவர் கையில் கொடுப்பீர்களா?

சரி, ஆப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை நிதானமாகப் பார்த்தேன். பன்னிரண்டு விளம்பரம் இருக்கிறது. ஐந்து அந்தக் கம்பெனியே விற்கும் மூலிகை மாத்திரைக்கு. ஒன்றில் தீபாவளி சிறப்புத் தள்ளுபடி என்று ஓடுகிறது, நீங்கள் அதைப் பார்த்ததோ மே மாதத்தில். முடிந்துபோன தள்ளுபடியைக் காட்ட எந்தக் கடைக்காரர் காசு கொடுப்பார்? மற்றவை யூடியூபில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய பழைய வீடியோக்கள் போலத்தான் தெரிகின்றன. விளம்பரம் கொடுத்தவர் என்று ஒருவர் அங்கே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒருவேளை இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊரில் மொபைலில் ஒரு வீடியோ விளம்பரத்தை ஆயிரம் முறை காட்ட, விளம்பரதாரர் தோராயமாக நூறு முதல் முந்நூறு ரூபாய் கொடுப்பார். ஒரு பார்வைக்குப் பத்து பைசா, மிஞ்சினால் முப்பது பைசா. கம்பெனி தனக்கென்று ஒரு பைசாகூட எடுக்காமல் எல்லாவற்றையும் உங்களுக்கே கொடுத்தாலும் 60 விளம்பரத்துக்குத் தினம் 18 ரூபாய், மாதம் 540. உங்களுக்கு எழுதுவதோ மாதம் 14,400. நடுவில் இருக்கும் பதின்மூவாயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வரும்? புதிதாக 30,000 கட்டுகிறவரிடமிருந்து. உங்கள் ஒருவருக்கு மட்டும் ஒழுங்காகக் கொடுக்க, இரண்டு மாதத்துக்கு ஒரு புது ஆள் வேண்டும். அந்தப் புது ஆளுக்குக் கொடுக்க இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்காவின் பணம் எங்கே போனது என்பது இப்போது புரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த பேங்க் ஸ்டேட்மென்ட்டிலேயே இன்னொரு தடயம் இருக்கிறது. இரண்டு பேரைச் சேர்த்துவிட்டதற்கு 6,000 கமிஷன், அந்த 16,000 போகத் தனியாக, அதே நாளில் வந்திருக்கிறது. விளம்பரம் பார்த்த காசு முதல் மாதம் முழுசாக வந்து, இரண்டாம் மாதம் 1,600-ஆகச் சுருங்கி, மூன்றாம் மாதம் நின்றுவிட்டது. எந்த வேலைக்குக் கம்பெனி உடனே கூலி கொடுக்கிறதோ, அதுதான் அவர்களுக்கு வேண்டிய வேலை. 60 விளம்பரம் சும்மா, உங்களைத் தினம் அந்த ஆப்பைத் திறக்க வைப்பதற்கு.

முதலில் 3,000 கட்டி 4,500 வந்ததே என்பீர்கள். அது உங்களுக்காக அவர்கள் செய்த விளம்பரச் செலவு. 1,500 கொடுத்து 90,000 வாங்கிவிட்டார்கள்.

பிளே ஸ்டோரில் இருப்பதாலோ ஜி.எஸ்.டி. எண் இருப்பதாலோ ஆப் நம்பகமானது என்று ஆகிவிடாது. ஜி.எஸ்.டி. எண் வரி கட்டுவதற்கு. கம்பெனிப் பதிவுச் சான்றிதழை ஆடிட்டர் ஒருவரைப் பிடித்தால் யாரும் வாங்கலாம். பொதுமக்களிடம் பணம் திரட்ட அவை அனுமதி ஆகாது. அதற்கு ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஓர் அமைப்பின் அனுமதி வேண்டும். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பணம் திரட்டும் நிறுவனங்களைப் பற்றித் தேடலாம், புகாரும் கொடுக்கலாம். நேர்மையான ஆப்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. கூகுளே கருத்துக் கேட்கும் ஆப் ஒன்று வைத்திருக்கிறது. ஒரு கேள்வித்தாளுக்குச் சில ரூபாய், அதுவும் பிளே ஸ்டோரில் செலவழிக்கும் வரவாகத்தான் தருவார்கள். சேர ஒரு காசு கேட்க மாட்டார்கள். டீச்செலவுக்கு ஆகும், வட்டி கட்ட ஆகாது. சேருவதற்கே காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

இது புதுச் சரக்கும் இல்லை. 2011-இல் 'ஸ்பீக் ஏசியா' என்று ஒன்று, 11,000 கட்டினால் இணையத்தில் சர்வே நிரப்பிச் சம்பாதிக்கலாம் என்றது. 2017 பிப்ரவரியில் நொய்டாவில் ஒரு கம்பெனிக்காரர்களைப் பிடித்தார்கள். அங்கே ஒரு 'லைக்'குக்கு 5 ரூபாய், சேர 5,750 முதல் 57,500 வரை. சுமார் 7 லட்சம் பேரிடம் 3,700 கோடி திரட்டியதாகப் போலீஸ் சொன்னது. 2024 ஜனவரியில் கோவையில் இப்படி ஓர் ஆப் மேல் வழக்குப் பதிவானபோது, கம்பெனிக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் நீலாம்பூரில் திரண்டார்கள். ஆப்பில் எண் ஏறிக்கொண்டிருக்கும் வரை யாருக்கும் சந்தேகம் வராது, வழக்குப் போட்டவர்தான் வில்லன் ஆவார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு வந்த 16,000-மும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயரில் வந்திருக்கிறது. ஒழுங்கான கம்பெனி தன் கரன்ட் அக்கவுன்ட்டிலிருந்து அனுப்பும். ஊர் பேர் தெரியாத தனி ஆட்கள் அனுப்பினால் அது வேறு யாரோ ஏமாந்த பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்தால் அந்தப் பணம் போன கணக்கையெல்லாம் போலீஸ் முடக்கச் சொல்லும், உங்களுடையதையும் சேர்த்து. அதே கணக்கில் மகளின் கல்லூரிக் கட்டணமோ கணவரின் சம்பளமோ இருந்தால், நாளைக்கே உங்கள் குடும்பத்தின் வேறொரு கணக்குக்கு மாற்றுங்கள். ஸ்டேட்மென்ட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மீதி 41,600-ஐ முழுவதும் எடுக்க ஆப்பில் ஒரு தடவை கோரிக்கை வையுங்கள். 'வரி கட்டு', 'கட்டணம் கட்டு' என்று எது கேட்டாலும் கட்டாதீர்கள். ஆப்பை அழிக்க வேண்டாம். பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப் குரூப் செய்திகள், 'டைமண்ட்' அறிவிப்பு எல்லாவற்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணிலும் தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்து மூலமாகவும் கொடுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு பார்க்கிறது. முதலீட்டாளர்கள் பணத்துக்காகத் தமிழ்நாட்டில் 1997-இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, சொத்தை முடக்கிப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு. ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். 90,000 போய்விட்டது என்றே வீட்டுக்கணக்கில் எழுதுங்கள். வந்தால் வரட்டும்.

கடனை அடைக்க மகளின் நகை ஒரு விதத்தில் உதவும். அதில் இரண்டு பவுனை மட்டும் பேங்கில் வைத்தாலே இன்றைய விலைக்கு 90,000 கிடைக்கும். அதை வைத்து அன்றைக்கே பைனான்ஸில் இருக்கும் சங்கிலியை மீட்டுவிடுங்கள். பேங்க் வட்டி வருடத்துக்கு 9 அல்லது 10 சதவீதம். மாதம் 1,350 கட்டிய இடத்தில் 700, 750 ஆகும். இதுவும் நகையை வைப்பதுதானே என்று கேட்கலாம். இங்கே கடன் ஏறவில்லை, வட்டிதான் இறங்குகிறது. மீட்ட சங்கிலி கழுத்தில் இருக்கட்டும். மறுபடி யாருக்காகவும் கழற்ற வேண்டாம்.

விளம்பரம் பார்க்கத் தினம் இரண்டு மணி நேரம் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் ஒரு சாதா பிளவுஸ் தைத்து முடிக்கலாம். கூலி 150 என்றாலும் 25 நாளைக்கு 3,750. வீட்டுச் செலவிலிருந்து இன்னொரு 750 சேர்த்து மாதம் 4,500 கட்டிவந்தால், இரண்டு வருடத்துக்குள் கடன் முடிந்துவிடும். அவ்வப்போது அசலில் கட்டலாமா, கெடு முடிந்தால் எப்படிப் புதுப்பிப்பது என்று வைக்கும்போதே பேங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாத்தனாரிடம் சண்டை வேண்டாம். உங்கள் 90,000-இல் அவருக்கு ஒன்பதாயிரம் கமிஷன் போயிருக்கும். நீங்கள் 1,20,000 கட்டினால் பன்னிரண்டாயிரம். அதனால்தான் அவசரப்படுத்துகிறார் என்று மட்டும் நினைக்க மாட்டேன். அவர் பணமும் உள்ளே மாட்டியிருக்கலாம், ஆளைச் சேர்த்தால்தான் எடுக்கலாம் என்று அவரிடமும் சொல்லியிருப்பார்கள். கணவரே அவருக்குப் போன் செய்து, "அக்கா, நகை கிடையாது, நீயும் இனிமே கட்டாத" என்று சொல்லட்டும். அவருடைய அக்கா, அவர்தான் பேச வேண்டும். உங்களைப் பேச வைத்தால் அது நாத்தனார் சண்டையாகத்தான் முடியும். அரியாங்குப்பம் புதுச்சேரியில் வருவதால், நாத்தனார் புகார் கொடுப்பதென்றால் புதுச்சேரி போலீசிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கீழே சேர்ந்த இரண்டு பேரிடம் இன்றைக்கே போய் உள்ளதைச் சொல்லுங்கள். 1978-ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் நடத்துகிறவரை மட்டும் பிடிப்பதில்லை, ஆள் சேர்ப்பதும் சேருவதும் அதில் குற்றம். மூன்று பேரும் சேர்ந்து புகார் கொடுத்தால் அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் பாதுகாப்பு. கமிஷனாக வந்த 6,000-ஐ ஆளுக்கு 3,000 என்று திருப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பணமாகக் கொடுங்கள். மற்றவர் உங்களிடம் தைக்கக் கொடுப்பவர்தானே, ரொக்கம் புரளாவிட்டால் தையல் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.