கிருபையால் (தகுதி பாராத தேவ தயவால்) இரட்சிப்பு (பாவத்திலிருந்து மீட்பு) என்றால், பரிசுத்தமாக வாழ ஏன் மெனக்கெட வேண்டும்?

கேள்வி பழையதுதான். ரோமர் 6ஆம் அதிகாரத் தொடக்கத்திலேயே பவுல் இதை எடுத்துக்கொண்டு மறுத்துவிடுகிறார். இரட்சிப்பு கிரியைகளால், அதாவது நம் செயல்களால், வருவதல்ல என்கிறது எபேசியர் 2:8, 9. பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நற்கிரியைகள் செய்யவே நாம் உண்டாக்கப்பட்டோம் என்று சொல்வது 10ஆம் வசனம். முதலில் கிருபை, பிறகு நடக்கை. வரிசை மாறினால் எல்லாம் கெடும்.

வரி வசூலிப்பவனான சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). இயேசு அவன் வீட்டில் தங்குவதாகச் சொன்ன பிறகுதான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் (நான்கு மடங்காய்) திருப்பித் தருவதாகச் சொல்கிறான். கடலூர் முதுநகரில் மீன் விற்கும் விசுவாசி ஒருவர் கிலோவுக்கு 100 கிராம் குறைத்து நிறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு கண்ணீர் விட்டு ஜெபித்தால் மட்டும் போதாது. தராசைச் சரிசெய்ய வேண்டும். தெரிந்த வாடிக்கைக்காரர்களுக்கு மீனாகவோ காசாகவோ ஈடுகட்ட வேண்டும். அது மன்னிப்புக்குக் கட்டும் விலையல்ல, மன்னிப்பில் காய்த்த காய்.

கிருபை தரும் சுதந்திரம் என்றதும் புதுச்சேரிப் பக்கம் எழும் கேள்வி மது. வெறிகொள்வதை வேதம் நேராகவே தடுக்கிறது (எபேசியர் 5:18). மற்றதற்குப் பவுலின் சோதனைகள் இரண்டு: அது என்னை அடிமையாக்குகிறதா (1 கொரிந்தியர் 6:12), என்னைப் பார்த்துப் பலவீனமானவர் இடறுவாரா (8:9). முதலாவதை அறிய, லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாள் 40உம் மதுவை விட்டுப் பாருங்கள். மூன்றாம் நாளே சாக்குத் தேடினால் விடை கிடைத்துவிட்டது. (தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவரைக் கேட்டே நிறுத்தவும்.)

விழுந்துவிட்டால், 1 யோவான் 1:9 சொல்கிறபடி அறிக்கையிடுங்கள். நம்பகமான ஒருவரிடம் அந்த வாரமே சொல்லுங்கள். மறுநாள் முதல் மதுக்கடை இருக்கும் தெரு வழியாக வீடு திரும்பாதீர்கள்.