ராணுவ வீரரின் மனைவியான என் 82 வயது மாமியார் எங்கள் ஊர் வரலாற்றை எழுத ஆசைப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

வேலூர் பக்கத்துக் கிராமம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்கிறீர்கள். மாமனாரின் டிரங்குப் பெட்டி நிறையக் கடிதங்கள் இருக்கின்றன, மாமியாருக்கு ஞாபகமும் தெளிவாக இருக்கிறது, முதலில் ஆவணக் காப்பகத்துக்குப் போகலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காகிதம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். மாமியாரின் வயதொத்த பெண்களின் பேச்சைத்தான் இந்த வருடமே பதிவு செய்தாக வேண்டும். பட்டாளத்து ஊர்களில் ஆண்கள் வருடத்துக்கு இரண்டு மாத லீவில் வந்து போனவர்கள். விதைநெல் எடுத்து வைத்தது, குத்தகை பேசியது, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தது, வயதானவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது எல்லாம் பெண்கள். ஆண்களைப் பற்றியாவது ராணுவத்தின் ரெக்கார்ட் ஆபீஸில் (பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) ஏதாவது இருக்கும். பெண்கள் செய்த இந்த வேலைகளுக்குக் கோப்பே கிடையாது. அதனால் மாமியாரை ஊர் வரலாறு எழுதுபவராக மட்டும் பார்க்காதீர்கள், முதல் சாட்சியும் அவர்தான். அவருடைய பேட்டியிலிருந்தே தொடங்குங்கள்.

மற்ற பெண்களிடம் மாமியாரே கேள்வி கேட்கட்டும், நீங்கள் போனைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து, வீட்டு ஆண்கள் வெளியே போயிருக்கும் நேரம் நல்லது. கணவர் பக்கத்தில் இருந்தால் "அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விடுவார். நாலைந்து பேரை ஒன்றாக உட்காரவைப்பதும் கூடாது, குரல் ஓங்கியவர் சொல்வதையே மற்றவர்களும் தங்கள் ஞாபகமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேசுபவருக்கு ஒரு முழத்துக்குள், மடித்த துண்டின் மேல் போனை வையுங்கள். ரெக்கார்டர் செயலியில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிப்பது) வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், மோனோவில் (ஒரே ஒலித்தடத்தில்) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி ஆகும். தேதி, ஊர், பெயர், பதிவு செய்யச் சம்மதம் ஆகிய நான்கும் தொடக்கத்திலேயே குரலில் இருக்க வேண்டும். அன்று இரவே இரண்டு வேறு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். இது தெரியாமல் வரிசையாகப் பேட்டி எடுத்துக் குவித்துவிட்டு, மலைத்துப்போய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒன்றை எழுதி முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

"யுத்த சமயத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "மணியார்டர் எத்தனாந் தேதி வரும்? யாரு கைநாட்டு வைப்பாங்க? முதல்ல எந்தக் கடனை அடைப்பீங்க? தந்தி வந்தா யாரு படிச்சுச் சொல்லுவாங்க? 1971ல யாரு வீட்டுல ரேடியோ இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். தபால்காரர், மளிகைக் கடை, எந்தத் தெருக்காரர் எந்த வீட்டுக்குள் வரலாம் என்பது வரை எல்லாம் தானாக வரும். வருடத்தை மட்டும் நேராகக் கேட்காதீர்கள். மூத்தவன் பிறந்த பிறகா, எம்ஜிஆர் முதல்வரானதற்கு (1977) முன்னாலா என்று கேட்டால் ஓரிரு வருட வித்தியாசத்துக்குள் கிடைத்துவிடும்.

இனி அந்த டிரங்குப் பெட்டி. திறப்பதற்கு முன் பெட்டியையே படம் எடுங்கள். மூடியில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் எல்லாம் பெயின்டில் எழுதியிருக்கும். பதவி உயர்வு வந்தபோது பழைய ரேங்க் மேல் வண்ணம் பூசிப் புதிதாக எழுதியிருந்தால், இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், அடியில் இருக்கும் எழுத்து மேடாகத் தெரியும்.

கடிதங்களைக் கிடைத்த வரிசையிலேயே எண் போட்டு எடுங்கள், உறையைக் கடிதத்திலிருந்து பிரிக்காதீர்கள். "56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ" (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்) என்ற முகவரியை வைத்து ஆள் எங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது. முன்னது டெல்லி வழியாகவும் பின்னது கொல்கத்தா வழியாகவும் போகும் ராணுவத் தபால், அவ்வளவுதான். அஞ்சல் முத்திரையில் இருக்கும் எஃப்பிஓ (படையோடு இருக்கும் கள அஞ்சலகம்) எண்ணும் தேதியும்தான் துப்பு. அவற்றை யூனிட் அப்போது இருந்த இடத்தோடு ஒப்பிட வேண்டும். கடிதங்களை 300 டிபிஐயிலும் (ஸ்கேனின் நுணுக்க அளவு) புகைப்படங்களை 600 டிபிஐயிலும் பின்பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப் பழுத்துக் கறையாகும், குண்டூசி துருவேறித் தாளைத் தின்னும். குறிப்பு எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் மட்டும். மெடல்களைப் புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள், விளிம்பில் பொறித்திருக்கும் நம்பரும் பெயரும் மழுங்கிவிடும். பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கிலிருந்து சேர்ந்த தேதி, ஊர், தாலுகா, யூனிட் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண்ணையும் வங்கிக் கணக்கையும் புத்தகத்தில் அச்சிடாதீர்கள், ஓய்வூதியம் வாங்குபவர்களை ஏமாற்றும் கும்பலுக்கு அது போதும்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு, ஊர்ச் சாவடியிலோ பழைய பள்ளிச் சுவரிலோ கல் பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலும் பெயர்கள் இருக்காது. சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் கத்தியால் சுரண்டாமல் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷும் கொண்டு மெதுவாகக் கழுவுங்கள். எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பதும் எண்ணெய் பூசுவதும் வேண்டாம், பக்கவாட்டு வெளிச்சமே போதும்.

இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் பதிவுகள் பலவற்றில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஆனால் மாவட்டம் அன்றைய பெயரில் இருக்கும். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் 1989 வரை வட ஆர்க்காடு. முனுசாமி என்ற ஒரே பெயரை நாலைந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும். காலாட்படையில் மட்டும் தேடாதீர்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), பயனீர் கோர் (கட்டுமான, கூலி வேலைப் படை), சர்வீஸ் கோர் (உணவு, போக்குவரத்துப் படை) ஆகியவற்றிலும் நம் ஆட்கள் ஏராளம். முதல் உலகப் போரில் மெசப்பொட்டேமியாவில் (இன்றைய இராக்) இறந்த சாதாரண இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் பாஸ்ரா நினைவகச் சுவரில் இல்லை, இந்தியர்களில் அதிகாரிகளின் பெயர்களை மட்டுமே பொறித்தார்கள். இதைப் புத்தகத்தில் கட்டாயம் எழுதுங்கள். அந்தப் பெயர்களில் ஒன்றையாவது உங்கள் ஊரே சேர்த்து வைக்க முடிந்தால் அதுவே பெரிய வேலை.

இவ்வளவும் கையில் வந்த பிறகு வருவாய்த்துறை ஆவணங்களைப் பாருங்கள். அவற்றில் வருடம் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) இருக்கும், 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருடம் வரும். பசலி 1430 என்றால் 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை. கோயில் கல்லிலும் பழைய பத்திரத்திலும் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 வருடம் தவறிவிட வாய்ப்பு உண்டு. தாது வருடம் என்பது 1876, 1936, 1996 மூன்றுக்கும் பொருந்தும். கல்லில் இருக்கும் ஆட்களின் வயதை வைத்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.

அச்சிடும்போது ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்) வாங்கிவிடுங்கள், இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும், கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொன்று. ஒலிப்பதிவுகளின் நகலை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, யார் எந்தத் தேதியில் பேசினார்கள் என்ற பட்டியலோடு ஊர் நூலகத்திலும் ஒன்று வையுங்கள்.