கஞ்சர் சின்னம் பதித்த பழைய ரோலெக்ஸ்: வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

மஸ்கட்டில் பணியாற்றும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ரோலெக்ஸ் சீ-டுவெல்லர் (மாடல் எண் 1665) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. டயலில் ஓமானின் கஞ்சர் (வளைந்த குத்துவாள்) சின்னம் உள்ளது. சின்னம் இல்லாத அதே மாடலைவிடப் பல மடங்கு அதிகம் கேட்கிறார்கள். பழுதுபார்ப்பவர் ஒருவர் திறந்து பார்த்து, அசல் ரோலெக்ஸ்தான் என்றார். அதை நம்பி வாங்கலாமா?"

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடையாகாது. கடிகாரம் அசலா, அந்த டயல் அந்தக் கடிகாரத்துடனேயே பிறந்ததா, சின்னம் அக்காலத்திலேயே அச்சிடப்பட்டதா என்பவை மூன்றும் வெவ்வேறு கேள்விகள். உங்களிடம் கேட்கப்படும் கூடுதல் பணம் முழுவதும் மூன்றாவது கேள்வியைச் சார்ந்தது. அசலான சாதாரண டயலில் பின்னாளில் சின்னத்தை மட்டும் அச்சிட்டு விற்பதுதான் இத்துறையில் லாபமான மோசடி என்பதால், சந்தேகமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

1970 ஜூலையில் ஆட்சிக்கு வந்த சுல்தான் காபூஸ், அதிகாரிகளுக்கும் விருந்தினர்களுக்கும், ஓமானின் தென்பகுதியில் நடந்த உள்நாட்டுப் போரான தோஃபார் போரில் அரசின் தரப்பில் பணியாற்றிய பிரிட்டிஷ் படையினருக்கும் இத்தகைய கடிகாரங்களைப் பரிசளித்தார். அவற்றுள் ஒரு பகுதி லண்டனின் ஆஸ்ப்ரே நகை நிறுவனம் வழியாக வாங்கப்பட்டது. சிலவற்றின் பின்மூடியில் அந்நிறுவனத்தின் பெயர் இருக்கும். சின்னமும் ஒரே வடிவில் வரவில்லை: நிறம், இடம், மேலே கிரீடம் இருப்பது இல்லாதது என்று வேறுபாடுகள் உண்டு. ஆகவே ஏதேனும் ஒரு கஞ்சர் படத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. பெரிய ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் வெளியான அதே மாடலின் பெரிதாக்கிய படங்களோடு, கோடு கோடாக ஒப்பிட வேண்டும்.

இனி டயலுக்கு வருவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில், நல்ல சாய்வொளியில் பாருங்கள். அசல் அச்சில் மை சற்றே மேடாக, விளிம்பு கலங்காமல் நிற்கும். பழைய டயல்களின் மெருகுப்பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுவதுண்டு. அந்த விரிசல் சின்னத்தின் மையையும் சேர்த்துப் பிளந்திருந்தால் நல்ல அறிகுறி. மை விரிசலுக்குள் வழிந்தோ அதன் மேல் பாலம் போலப் படர்ந்தோ இருந்தால், விரிசலுக்குப் பிறகு வந்த சின்னம் அது. சின்னத்துக்கு இடம் விட வேண்டி எழுத்து வரி ஏதேனும் அழிக்கப்பட்டிருந்தால், புற ஊதா விளக்கின் கீழ் அதன் சுவடு தென்படக்கூடும். இரண்டு மணி நேரம் செலவிட்டாலும் இந்த ஒரு சோதனையை அவசரப்படுத்தாதீர்கள்.

ஒளிப்பூச்சு இன்னொரு சாட்சி. அக்காலத்து டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் அருகே 'டி' (T) என்ற எழுத்து இருக்க வேண்டும். அது பூச்சை ஒளிரச் செய்யும் கதிரியக்கப் பொருளான ட்ரிட்டியத்தைக் குறிக்கிறது. ட்ரிட்டியத்தின் அரை ஆயுட்காலம் (அளவு பாதியாகக் குறையும் காலம்) ஏறத்தாழ 12.3 ஆண்டுகள் என்பதால், 1977இல் பூசியதில் இன்று ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். விளக்கை அணைத்த பிறகும் டயல் நெடுநேரம் பிரகாசித்தால், பூச்சு புதிது அல்லது டயலே பிற்காலத்தது. முட்களின் பூச்சும் டயலின் பூச்சும் ஏறத்தாழ ஒரே விதமாக முதிர்ந்திருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். பட்டையைக் கழற்றி, அது மாட்டப்படும் கொம்புகளுக்கு நடுவிலுள்ள வரிசை எண் அந்த ஆண்டுகளுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது சிறு வேலைதான்.

ஆவண விஷயத்தில் ரோலெக்ஸ் உங்களுக்கு உதவாது. பழைய கடிகாரங்களுக்கு அந்நிறுவனம் பதிவேட்டுச் சான்று (தன் பழைய பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் விவரச் சான்று) தருவதில்லை. அத்தகைய சான்று கிடைக்கும் இடத்திலும் அதுவே முடிவான தீர்ப்பு ஆகிவிடாது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் 30 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கப்பட்டது என்பது 2023இல் வெளிவந்தது. அதில் தன் முன்னாள் ஊழியர்களுக்குத் தொடர்பு இருந்ததை ஒமேகாவே ஒப்புக்கொண்டது. ஆகையால் பரிசு பெற்றவரின் பணிப் பதிவு, அக்காலப் புகைப்படம், வரிசை எண் குறிக்கப்பட்ட பழைய பழுதுபார்ப்பு ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். "என் தாத்தாவுக்குச் சுல்தான் கொடுத்தது" என்று அண்மையில் எழுதிய கடிதத்துக்கு என் கணக்கில் மதிப்பில்லை.

டயலும் சின்னமும் அக்காலத்தவை என்ற உறுதிமொழியையும், தனிநிபுணர் மறுத்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையையும் விற்பவர் எழுத்தில் தர வேண்டும். அதற்கு இசையாவிட்டால், சின்னம் இல்லாத 1665இன் விலைக்கு மேல் ஒரு ரியாலும் கொடுக்காதீர்கள். வாங்கிய பின் பழுதுபார்க்க அனுப்பினால், டயலையும் முட்களையும் மாற்றவோ துலக்கவோ கூடாது, கடிகாரத்தின் உலோக உறையை மெருகேற்றக் கூடாது என்று பணிச்சீட்டிலேயே எழுதி, கையொப்பம் பெற்ற பிறகே கடிகாரத்தைக் கையிலிருந்து விடுங்கள்.